கேட்டலான் எண்கள் வரை எத்தனை பகா எண்கள்? தருமபுரிக் கணினிக் கூடம் ஒன்றின் அட்டவணையும் அதில் வந்த பிழைகளும்

தருமபுரி நகரில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடம். கணிதம் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் திட்டப்பணிக்கு எடுத்த வேலை கேட்கச் சின்னதுதான். 0 முதல் 20 வரை வரிசையெண் கொண்ட கேட்டலான் எண்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்று வரையிலும் எத்தனை பகா எண்கள் உள்ளன என்று அட்டவணை போட வேண்டும். கையில் இருந்தது 4 ஜிபி நினைவகம் உள்ள மேசைக் கணினி, சி மொழியில் நாற்பது வரிக்குள் ஒரு நிரல். நிரல் ஓடி முடிந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. 21 வரிகள் வந்தன. அவற்றில் ஆறு தவறு.

ஆறில் மூன்று வரிகளில் வெறும் 0 இருந்ததால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு வரிகள் அட்டவணையின் தொடக்கத்தில் இருந்தன; 1 வரை எத்தனை பகா எண் என்பதை யார் சரிபார்ப்பார்கள் என்று கண் தாண்டிப் போய்விட்டது. மிச்சம் இருந்த ஒரு வரி ஏழு இலக்கத்தில், சரியான விடை மாதிரியே உட்கார்ந்திருந்தது. பகா எண்களை எண்ணும் வேலையில் ஆபத்தானது இந்த வகைதான். நின்றுபோகும் நிரலைத் திருத்திவிடலாம். நம்பும்படியான தவறான எண்ணைப் பிடிக்க, அதற்கென்றே சோதனைகள் வைத்திருக்க வேண்டும். எந்தச் சோதனை எந்தப் பிழையைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறோம்.

எண்ணப்படுவது என்ன

வத்தல்மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு மூன்று அடி ஏற்றமும் மூன்று அடி இறக்கமும் நடக்க வேண்டும்; எந்த இடத்திலும் அடிவாரத்துக்குக் கீழே போகக் கூடாது. எத்தனை வழிகளில் நடக்கலாம்? ஐந்து. நான்கு ஏற்றம், நான்கு இறக்கம் என்றால் 14. ஐந்துக்கு 42. அடைப்புக்குறிகளைச் சரியாகத் திறந்து மூடும் விதங்களும், பலகோணத்தை மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரிக்கும் விதங்களும் இதே எண்களையே தருகின்றன. ஆய்லர் 1751-இல் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் முக்கோணக் கணக்காக இவை வருகின்றன. சீனத்தில் வாழ்ந்த மங்கோலியக் கணித அறிஞர் மிங்கன்டு அதற்கும் முன்பே இவற்றைப் பயன்படுத்தியிருந்தார். பெயர் மட்டும் 1838-இல் எழுதிய பெல்ஜியக் கணித அறிஞர் கேட்டலான் பேரில் நிலைத்துவிட்டது.

இனி க(ந) என்பது ந-ஆவது கேட்டலான் எண். ப(ம) என்பது ம வரை, ம-வையும் சேர்த்து, உள்ள பகா எண்களின் எண்ணிக்கை. க(0)-இலிருந்து வரிசை இப்படிப் போகும்: 1, 1, 2, 5, 14, 42, 132, 429, 1430, 4862, 16796, 58786, 208012, 742900, 2674440, 9694845, 35357670, 129644790, 477638700, 1767263190, 6564120420. இருபதாவது எண் 656 கோடியைத் தாண்டுகிறது.

அட்டவணையின் முதல் பதினொரு வரிகளுக்கான சரியான விடை: 0, 0, 1, 3, 6, 13, 32, 82, 226, 651, 1939. இவற்றைக் கையாலேயே சரிபார்க்கலாம், சரிபார்க்கவும் வேண்டும்.

காரணீயப் பெருக்கங்களை எடுத்து இதே கேள்வியைக் கேட்டிருக்கலாம். ஆனால் 13 வரிகளிலேயே 13! = 6227020800 என்று 622 கோடிக்குப் போய்விடும். கேட்டலான் தொடர்முறை அதே உயரத்துக்கு 20 படிகளில் ஏறுகிறது. அடுத்தடுத்த எண்களின் விகிதம் மெல்ல 4-ஐ நெருங்கும், ஆனால் தொடாது. வழியில் நின்று சோதிக்க நிறைய இடம் கிடைப்பதால், நிரலைப் பரிசோதிக்க இந்தத் தொடர்முறை மிகப் பொருத்தமானது என்பதே எங்கள் கருத்து.

“வரை” என்றால் அந்த எண்ணையும் சேர்த்தா, சேர்க்காமலா என்ற குழப்பம் இங்கே அநேகமாக இல்லை. கேட்டலான் எண்களில் பகா எண்கள் இரண்டே இரண்டுதான், 2 மற்றும் 5. காரணம் எளிது. (ந+2) × க(ந+1) = (4ந+2) × க(ந) என்பது அடிப்படைத் தொடர்பு. க(ந) பகா எண்ணாகவும் ந+2-ஐவிடப் பெரிதாகவும் இருந்தால், அது க(ந+1)-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். அப்போது 4ந+2 என்பது ந+2-இன் மடங்காகும். அந்த மடங்கு 4-க்குக் குறைவு. 1, 2, 3 என்று போட்டுப் பார்த்தால் ந = 0, 1, 4 மட்டுமே கிடைக்கும். க(4) = 14, பகா எண் அல்ல. ந+2-ஐவிடப் பெரிதாக இல்லாத சிறிய எண்களை நேரே பார்த்துவிடலாம். ஆகவே “சேர்த்து” என்பது க(2), க(3) என்ற இரண்டு வரிகளில் மட்டுமே விடையை மாற்றும்.

பதினேழாவது வரியில் நடந்தது

நிரல் கேட்டலான் எண்களை மேலே சொன்ன தொடர்பை வைத்தே உருவாக்கியது: முந்தைய எண்ணை 4ந+2-ஆல் பெருக்கு, ந+2-ஆல் வகு. மாறிகள் எல்லாம் இன்ட் வகை, அதாவது 32 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. க(19) = 1767263190 அதற்குள் அடங்குகிறது, க(20)-தான் அடங்காது; ஆகவே 19 வரை கவலையில்லை என்று மாணவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கு சரி, ஆனால் இடைநிலைப் பெருக்கத்தை அது கணக்கில் எடுக்கவில்லை. க(17)-ஐப் பெற 35357670-ஐ 66-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கம் 2333606220. 32 பிட் பெட்டி இங்கேயே வழிந்துவிடுகிறது.

சி மொழியின் விதிப்படி குறியுள்ள முழு எண் வழிந்தால் என்ன நடக்கும் என்பது வரையறுக்கப்படவில்லை. வழக்கமான கணினிகளில் 2³², அதாவது 4294967296, கழிந்துபோய் −1961361076 நிற்கும். அதை 18-ஆல் வகுத்தால் −108964504. எதிர்ம எல்லை வரை சல்லடை (மடங்குகளை அடித்துவிட்டுப் பகா எண்களை மிச்சம் வைக்கும் முறை) ஓடாது, விடை 0. இது 17-ஆவது வரி.

அடுத்த படிதான் மோசமானது. −108964504-ஐ 70-ஆல் பெருக்கினால் −7627515280. இது மறுபடி வழிந்து, 2³² இரண்டு முறை கூட்டப்பட்டு, 962419312 என்ற நேர்ம எண்ணாகத் திரும்புகிறது. 19-ஆல் வகுத்தால் 50653648. மீதிகூட இல்லை. உண்மையான க(18) = 477638700. நிரல் 50653648 வரை பகா எண்களைச் சரியாக எண்ணி, 30 லட்சத்துச் சொச்சம் என்று 18-ஆவது வரியில் போட்டது. கிடைக்க வேண்டியது 2.5 கோடிக்கு மேல். சல்லடையில் ஒரு குறையும் இல்லை. கொடுத்த எல்லைதான் தவறு.

அதற்கடுத்த படியில் மீண்டும் எதிர்மம் (−27329867), 20-இலும் எதிர்மம் (−101510934). ஆகவே 0, 30 லட்சம், 0, 0 என்று வந்தது. நடுவில் இருக்கும் ஒன்றைச் சரி என்று நினைக்க வைப்பது அதன் அக்கம்பக்கம்தான்: “பூஜ்யங்கள் மட்டும் தப்பு, அதைத் திருத்தினால் போதும்” என்றுதான் யாருக்கும் தோன்றும்.

குறியில்லாத 32 பிட் எடுத்தால் க(17) தப்பித்துக்கொள்ளும். ஆனால் க(18)-இல் 129644790 × 70 = 9075135300 வழிந்து, வகுத்தபின் 25536879 வரும். இது முந்தைய எண்ணைவிடச் சிறியது என்பதால் சீக்கிரம் தெரிந்துவிடும். பெருக்கும் முன்பே வகுத்துவிடலாம் என்பதும் ஆகாது: க(0) = 1-ஐ முதலில் 2-ஆல் வகுத்தால் முழு எண் பகுதி 0, அங்கிருந்து தொடர் முழுவதும் 0.

64 பிட் எடுத்தால் இதே கதை தள்ளிப்போகும், அவ்வளவுதான். க(33) வரை நிம்மதி. க(34) = 812944042149730764 என்பது 64 பிட்டுக்குள் தாராளமாக அடங்கும் எண்; ஆனால் அதற்கு முந்தைய பெருக்கம் அடங்காது. பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த வரம்பே இல்லை என்பதால், கேட்டலான் எண்களைப் பைத்தானில் உருவாக்கி, எழுத்துச் சரமாக சி நிரலுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம். எக்ஸெல் தாளில் உருவாக்கினால் அது காட்டுவது 15 இலக்கம்தான்; க(29) = 1002242216651368 பதினாறு இலக்கம், கடைசி இலக்கம் அங்கே போய்விடும்.

எல்லையைச் சோதிக்க ஒரு வகுத்தல் போதும்

க(ந) சரியா என்று பார்க்க, பகா எண்களே ஒரு வழி தருகின்றன. ந+2-இலிருந்து 2ந வரை உள்ள ஒவ்வொரு பகா எண்ணும் க(ந)-ஐ மீதியின்றி வகுக்கும். ஏனென்றால் க(ந) என்பது (2ந)!-ஐ ந!-ஆலும் (ந+1)!-ஆலும் வகுத்தது, அந்த இடைவெளியில் உள்ள பகா எண் மேலே இருக்கிறது, கீழே அதை அடிக்க எதுவும் இல்லை. பெர்ட்ராண்டின் கூற்றை 1850-களில் செபிஷேவும், 1919-இல் ராமானுஜனும், 1932-இல் எர்டோஷும் மெய்ப்பித்தார்கள். ந-க்கும் 2ந-க்கும் நடுவில் எப்போதும் ஒரு பகா எண் உண்டு என்று சொல்லும் கூற்று அது. எர்டோஷின் நிறுவல் இந்த மாதிரி ஈவுகளை வைத்தே நடக்கிறது.

க(10) = 16796 = 2² × 13 × 17 × 19. 12-க்கும் 20-க்கும் இடையிலுள்ள பகா எண்கள் மூன்றும் உள்ளே இருக்கின்றன. க(20)-க்கு 23, 29, 31, 37 நான்கும் வகுக்க வேண்டும். நான்கின் பெருக்கம் 765049. 6564120420-ஐ அதனால் வகுத்தால் 8580, மீதி 0. க(18)-க்கு 23, 29, 31. பெருக்கம் 20677, ஈவு 23100. இப்போது நிரல் கொடுத்த 50653648-ஐ 23-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 12. பொய் எண் ஒரே வகுத்தலில் அகப்பட்டுவிட்டது. சல்லடையை ஓட்டுவதற்கு முன்பே இந்தச் சோதனையை நிரலில் வைத்திருந்தால், மூன்று பூஜ்யங்களும் அந்த ஏழு இலக்க எண்ணும் அட்டவணைக்கே வந்திருக்காது.

தொடக்கத்தில் இருந்த இரண்டு வரிகள்

க(0), க(1) இரண்டும் 1. ப(1) = 0. நிரல் இரண்டிலும் 1 என்று போட்டது.

நினைவகத்தை மிச்சம் பிடிக்க, ஒற்றைப்படை எண்களுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். வரிசையின் 0-ஆவது இடம் 1-ஐயும், 1-ஆவது இடம் 3-ஐயும், 2-ஆவது இடம் 5-ஐயும் குறிக்கும். 1-ஐ அடிக்க மறந்துவிட்டார்கள். அது பகா எண்ணாகக் கணக்கில் சேர்ந்தது. 2 ஒற்றைப்படை அல்ல. அதைக் கணக்கில் சேர்க்கவும் மறந்துவிட்டார்கள். ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது. 2-இலிருந்து மேலே எந்த எல்லைக்கும் விடை சரியாக வரும். 1-க்கு மட்டும் தவறும்.

சிலர் இதைத் தெரிந்தே செய்வார்கள், 0-ஆவது இடம் 2-க்கு என்று குறிப்பு எழுதிவைப்பார்கள். தெரியாமல் செய்ததில் ஓர் ஆபத்து உண்டு: பின்னால் வருபவர் “1 பகா எண் இல்லையே” என்று அந்த ஒன்றை மட்டும் திருத்தினால், அட்டவணை முழுவதும் ஒவ்வொன்று குறைந்துவிடும். இரண்டு பிழை சேர்ந்து சரியாக இருந்தது, ஒன்றைத் திருத்தியதும் 19 வரிகள் கெடும். ஆகவே திருத்துவதானால் இரண்டையும் சேர்த்தே திருத்த வேண்டும். எல்லை 2-க்குக் குறைவானால் 0 என்று தனியாக எழுதிவிட வேண்டும். 1, 1, 2, 5 என்று தொடங்கும் தொடர்முறை இந்தப் பிழையை முதல் வரியிலேயே காட்டிக்கொடுக்கிறது. 10, 100, 1000 என்று மட்டும் சோதித்திருந்தால் கடைசிவரை தெரிந்திருக்காது.

சல்லடையைத் துண்டு போடுதல்

கேழ்வரகு விளையும் மாவட்டத்தில் சல்லடை என்றால் விளக்கம் வேண்டாம். எரட்டோஸ்தனிஸ் சல்லடையும் அப்படித்தான்: 3-இன் மடங்குகளை அடி, 5-இன் மடங்குகளை அடி, எல்லையின் வர்க்கமூலம் வரை போ, மிஞ்சியதை எண்ணு. முழு மூட்டையையும் ஒரே சல்லடையில் கொட்ட முடியாது என்பதுதான் சிக்கல். க(16) வரை, ஒற்றைப்படை எண் ஒன்றுக்கு ஒரு பைட் என்றால் 1.77 கோடி பைட், பிரச்சினை இல்லை. க(20)-க்கு அதுவே 328 கோடி பைட். 4 ஜிபி கணினியில் இயங்குதளத்துக்குப் போக மிச்சம் இருக்காது. வட்டில் எழுதி எழுதிப் படித்துக் கணினி உறைந்துபோகும். பைட்டுக்குப் பதில் பிட் என்றால் 41 கோடி பைட், அடங்கிவிடும். ஆனால் செயலியின் உள் நினைவகத்தைத் தாண்டி அலைவதால் வேகம் குறையும்.

துண்டு துண்டாகச் சலிப்பதே சரி. ஒரு துண்டுக்கு 32 கிலோபைட். பிட்டாக, ஒற்றைப்படை மட்டும் என்றால் ஒரு துண்டில் 524288 எண்கள் அடங்கும். க(20) வரை 12521 துண்டுகள். அடிப்பதற்குத் தேவையான அடிப்படைப் பகா எண்கள் √6564120420, அதாவது 81019 வரை இருந்தால் போதும்; எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒழுங்காக எழுதிய சி நிரலுக்கு இது ஒரு நிமிடம் முன்பின் ஆகும் வேலை. ஒவ்வொரு கேட்டலான் எண்ணுக்கும் முதலிலிருந்து ஓட்டாமல், ஒரே ஓட்டத்தில் போய், ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் அதுவரையிலான எண்ணிக்கையைக் கோப்பில் எழுதிவிட வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் எழுதிய வரிகள் தங்கும்.

இங்கே இரண்டு பிழைகள் வந்தன.

முதலாவது, துண்டின் விளிம்பு. க(20) கடைசித் துண்டின் தொடக்கத்திலிருந்து 34660 எண்கள் தள்ளி நிற்கிறது. நிரல் துண்டு முழுவதையும் எண்ணிவிட்டது. எல்லைக்கு அப்பால் கிட்டத்தட்ட 4.9 லட்சம் எண்கள்; அந்த உயரத்தில் சுமார் 22.6 எண்ணுக்கு ஒன்று பகா எண். ஆக 21 ஆயிரத்துக்கும் மேல் அதிகம். துண்டைக் கேட்டலான் எண்ணிலேயே வெட்டிவிடுவதுதான் தீர்வு. எண்ணும்போது மட்டும் வெட்டினால் போதும், அடிக்கும்போது முழுத் துண்டையும் அடிக்கலாம்.

இரண்டாவது, அடிப்படைப் பகா எண்ணின் வர்க்கம். ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அதன் வர்க்கத்திலிருந்து அடிக்கத் தொடங்குவது வழக்கம்; அதற்குக் கீழே உள்ளவற்றைச் சிறிய பகா எண்கள் ஏற்கெனவே அடித்திருக்கும். 46340-இன் வர்க்கம் 2147395600, இன்ட்டில் அடங்கும். 46341-இன் வர்க்கம் 2147488281, அடங்காது. கேட்டலான் எண்களை 64 பிட்டுக்கு மாற்றியவர்கள் அடிப்படைப் பகா எண்களை இன்ட்டாகவே விட்டிருந்தார்கள். 46341-க்கும் 65535-க்கும் இடைப்பட்ட பகா எண்களுக்கு வர்க்கம் எதிர்மமாகிவிட்டது. “வர்க்கம், இந்தத் துண்டின் முதல் மடங்கு, இரண்டில் பெரியதிலிருந்து அடி” என்பது விதி. எதிர்மம் தோற்று, முதல் துண்டில் அந்தப் பகா எண்ணிலிருந்தே அடி தொடங்கியது. அவை தம்மையே அடித்துக்கொண்டன. ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பகா எண்கள் காணாமல் போயின. 65536-க்கு மேற்பட்டவற்றின் வர்க்கம் வழிந்து வேறு இடத்தில் விழுந்து, சம்பந்தமில்லாத எண்களை அடித்தது. முன்பு சரியாக இருந்த க(12), க(13) வரிகள்கூட இப்போது குறைந்துபோயின. பெருக்கும் முன் ஒரு காரணியை 64 பிட்டாக மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும். விடையை மட்டும் 64 பிட் மாறியில் வைத்துப் பயனில்லை; பெருக்கம் அதற்கு முன்பே வழிந்துவிட்டிருக்கும்.

எந்தச் சோதனை எதைப் பிடிக்கும்

ம பெரிதாகும்போது ப(ம) ஏறக்குறைய ம-வை அதன் இயல் மடக்கையால் வகுத்தது என்பது பகா எண் தேற்றம். ஆனால் சோதனைக்கு “ஏறக்குறைய” போதாது. 16796-ஐ 9.729-ஆல் வகுத்தால் 1726, உண்மை 1939. மடக்கையிலிருந்து 1 கழித்து வகுத்தால் 1924. டுசார் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் மெய்ப்பித்த இரு வேலிகள் இங்கே பயன்படும்: மடக்கையிலிருந்து 1 கழித்து வகுத்தால் வருவது, 5393-இலிருந்து மேலே எப்போதும் ப(ம)-வைத் தாண்டாது. 1.1 கழித்து வகுத்தால் வருவது, 60184-இலிருந்து மேலே எப்போதும் ப(ம)-வுக்குக் குறையாது. தொடக்க எல்லைகளை மறக்கக் கூடாது. 1430-க்குக் கீழ்வேலி 228 என்று வரும், உண்மை 226. அது நிரலின் பிழை அல்ல, வேலி இன்னும் தொடங்கவில்லை. க(11) = 58786 மேல்வேலி தொடங்கும் 60184-ஐ எட்டவில்லை. க(12)-இலிருந்து இரண்டும் உண்டு.

க(18)-க்கு வேலிகள் 2 கோடியே 51 லட்சத்துக்கும் 2 கோடியே 53 லட்சத்துக்கும் இடையே நிற்கின்றன. 30 லட்சம் அப்போதே வெளியே. க(20)-க்கு 30 கோடியே 38 லட்சத்துக்கும் 30 கோடியே 53 லட்சத்துக்கும் இடையே. ஆனால் இந்த வேலியின் அகலம் 14 லட்சம். துண்டு விளிம்பில் வந்த 21 ஆயிரமும், வர்க்கம் வழிந்ததில் போன ஆயிரங்களும் இதற்குள் ஒளிந்துகொள்ளும். வேலி முரட்டுப் பிழையைத்தான் பிடிக்கும்.

நுண்பிழைக்குக் கட்டுப்பாட்டு எண்கள் வேண்டும். நிறுத்தங்களின் பட்டியலில் கேட்டலான் எண்களோடு பத்தின் அடுக்குகளையும் சேர்க்க வேண்டும்: 10 லட்சம் வரை 78498, 1 கோடி வரை 664579, 10 கோடி வரை 5761455, 100 கோடி வரை 50847534, 1000 கோடி வரை 455052511. இவை பலமுறை, பல முறைகளில் சரிபார்க்கப்பட்டவை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். 100 கோடி வரை தனியாக ஓட்டினால் அடிப்படைப் பகா எண்கள் 31622-இலேயே நின்றுவிடும். வர்க்கப் பிழை தலைகாட்டாது, விடை சரியாக வரும். அதே நிரலை 656 கோடிக்கு ஓட்டும்போது கெட்டுப்போகும். ஆகவே கட்டுப்பாட்டு எண்ணை அதே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். ஓட்டத்தை 1000 கோடி வரை நீட்டி, கடைசிக் கட்டுப்பாட்டு எண் க(20)-க்கு அப்பால் விழும்படி வைக்க வேண்டும். கூடவே துண்டின் அளவை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். விளிம்புப் பிழை இருந்தால் விடை மாறும், இல்லையென்றால் மாறாது.

கையால் ஒரு வரி: 429

சல்லடை இல்லாமலே எண்ணும் முறையை மைசல் 19-ஆம் நூற்றாண்டில் கொடுத்தார். அட்டவணையின் ஒரு வரியையாவது இப்படிக் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது.

429-இன் கனமூலம் 7.5. அதுவரை உள்ள பகா எண்கள் 2, 3, 5, 7, நான்கு. இந்த நான்கில் எதனாலும் வகுபடாத எண்கள் 429 வரை எத்தனை? நான்கின் பெருக்கம் 210. ஒவ்வொரு 210-க்கும் 48 எண்கள் மிஞ்சும். 429 = 2 × 210 + 9. ஆக 96, மிச்சமுள்ள 9-இல் 1 மட்டும் தேறும். மொத்தம் 97. இந்த 97-இல் 1 இருக்கிறது, 7-க்கு மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன, 7-க்கு மேற்பட்ட இரு பகா எண்களின் பெருக்கங்களும் இருக்கின்றன. மூன்று பகா எண்களின் பெருக்கம் இருக்க முடியாது; மூன்றும் கனமூலத்தைவிடப் பெரியவை, பெருக்கம் 429-ஐத் தாண்டிவிடும்.

இரு பகா எண் பெருக்கங்களை எண்ணுவோம். சிறிய காரணி 11 என்றால், பெரியது 11-இலிருந்து 429 ÷ 11 = 39 வரை: 8 பகா எண்கள். 13 என்றால் 33 வரை: 6. 17 என்றால் 25 வரை: 3. 19 என்றால் 22 வரை: 1. வர்க்கமூலம் 20.7, அதோடு முடிந்தது. மொத்தம் 18. ஆகவே ப(429) = 97 + 4 − 1 − 18 = 82.

1430-க்கும் இதே வழி. கனமூலம் 11.3, ஐந்து பகா எண்கள், அவற்றால் வகுபடாதவை 298, இரட்டைப் பெருக்கங்கள் 76. 298 + 5 − 1 − 76 = 226.

க(20)-க்கு இந்த முறை எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று பாருங்கள். கனமூலத்தின் முழு எண் பகுதி 1872. அதுவரை 286 பகா எண்கள். இரட்டைப் பெருக்கத்தில் முதல் சிறிய காரணி 1873. 6564120420 ÷ 1873-இன் முழு எண் பகுதி 3504602. அதாவது 656 கோடி வரை எண்ண, 35 லட்சம் வரை சலித்த பட்டியல் போதும். மிச்ச வேலை, 286 பகா எண்களால் வகுபடாதவற்றை எண்ணுவது. அதற்கு மீள்வரு கணக்கு நீளும், அதைச் சுருக்கத்தான் லெமரும், பின்னால் லகாரியஸ், மில்லர், ஓட்லிஸ்கோ மூவரும் (1985) வழி கண்டார்கள்.

இதில் தவறக்கூடிய இடம் கனமூலம். தசமக் கணக்கில் 1872.99… என்றோ 1873.00… என்றோ வரும் எல்லைகளில் முழு எண் பகுதி ஒன்று தள்ளிப்போகலாம். முதல் பகுதியில் 1873-ஐச் சேர்த்துவிட்டு, இரட்டைப் பெருக்கத்திலும் 1873-இலிருந்தே தொடங்கினால், அதன் பெருக்கங்கள் இருமுறை கழியும். விடை ஏறக்குறைய 2.5 லட்சம் குறையும். கனமூலத்தை முழு எண்ணாக மும்மடங்கு பெருக்கிச் சரிபார்த்து, இரண்டு பகுதிகளுக்கும் அதே ஒரு மாறியைக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பிழைகள் மாணவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. மைசல் 1885-இல் 100 கோடி வரை கையாலேயே எண்ணி 50847478 என்றார், 56 குறைவு. லெமர் 1959-இல் ஐபிஎம் 701 கணினியின் துணையோடு 1000 கோடி வரை 455052512 என்று வெளியிட்டார், ஒன்று அதிகம். போமன் 1972-இல் 10¹³ வரை கொடுத்த விடை 941 குறைவு. மூவரும் முறையை நன்கு அறிந்தவர்கள். கட்டுப்பாட்டு எண் இல்லாத உயரத்துக்கு முதலில் ஏறியவர்கள் அவர்கள்.

20-க்கு மேலே

இரண்டு முறைகளிலும், அதாவது துண்டுச் சல்லடையிலும் மைசல் முறையிலும், 21 வரிகளும் ஒத்துப்போன பிறகே அட்டவணையை மேலே நீட்டலாம். க(21) = 24466267020, இரண்டாயிரம் கோடிக்கு மேல்; சல்லடை இன்னும் தாங்கும். ஒவ்வொரு படிக்கும் வேலை ஏறக்குறைய 3.7 மடங்கு கூடும். க(25)-ஐ எட்டும்போது, 486 ஆயிரம் கோடிக்கு மேல், மாணவர் கணினியில் சல்லடையை விட்டுவிடுவதே நல்லது. அதன்பின் பிரைம்கவுண்ட் போன்ற, இதற்கென்றே எழுதப்பட்ட நிரல்தான் சரி.

க(31)-இல் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. வரிசையெண் 2-இன் அடுக்குக்கு ஒன்று குறைவாக இருந்தால் மட்டுமே கேட்டலான் எண் ஒற்றைப்படை; 31 = 2⁵ − 1. ஆகவே க(31) = 14544636039226909 ஒற்றைப்படை. அது 2⁵³-ஐத் தாண்டியது. டபுள் வகைத் தசம மாறியில் அந்த உயரத்தில் இரட்டைப்படை எண்கள் மட்டுமே இடம் பெறும். கடைசி இலக்கம் 9 போய் 8 ஆகிவிடும். எல்லை தவறு. ஆனாலும் க(31) பகா எண் அல்ல என்பதால் எண்ணிக்கை மாறாது, விடை சரியாகவே வரும். 37, 41, 43, 47, 53, 59, 61 ஆகிய ஏழும் க(31)-ஐ வகுக்க வேண்டும் என்று எழுதிவைத்தவர், அவற்றால் வகுத்துப் பார்த்தால் எல்லையில் போன அந்த ஒன்று அங்கே தெரிந்துவிடும்.